அந்த ‘இ’ எந்த ‘இ’?

கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் நிற்பது சி டிரைவ். அடுத்தது டி. பென்டிரைவைச் செருகினால் இ. எழுத்து வரிசை சி-யில் தொடங்குவானேன், ஏ-யும் பி-யும் எங்கே போயின என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முப்பது வருடம் அலுவலகக் கம்ப்யூட்டரோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்களும் கேட்கிறார்கள். இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கேள்வியும் உண்டு. நேற்று இ என்று வந்த பென்டிரைவ் இன்று எஃப் என்று வருகிறதே, அது ஏன்?

முதல் கேள்விக்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டால் பணம் போகும், படம் போகும், சில சமயம் எந்த விலை கொடுத்தாலும் திரும்பாத பொருளும் போகும். எனக்குப் போயிருக்கிறது.

ராத்திரி ஒன்பது மணி

அப்போது கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். என்னிடம் கையடக்க ஹார்ட் டிஸ்க் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்று அன்றாட வேலைகளின் நகலுக்கானது. புது லேப்டாப்பில் எப்போதும் செருகியே இருக்கும். மற்றதில் அப்பா எழுதிய கடிதங்களையும் வீட்டுப் பழைய புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்திருந்தேன். ராத்திரி ஒன்பதானதும் அன்றைய வேலை தானாக நகலாகும்படி ஒரு நிரலுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நான் கொடுத்த கட்டளை இதுதான்: என் கோப்புகளை அப்படியே ‘இ’-யில் பிரதி எடு, இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது.

ஒரு நாள் நகல் டிஸ்க்கைக் கழற்றி நண்பர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் விருந்தாளி ஒருவருக்குக் காட்டுவதற்காகக் கடித டிஸ்க்கைச் செருகினேன். புது லேப்டாப்பில் அதைச் செருகியது அதுவே முதல் தடவை. பேச்சு நீண்டது. ஒன்பதடித்தது. டிஸ்க்கின் சிறு விளக்கு விடாமல் மினுக்குவதைப் பார்த்துத் திரையைத் திறந்தேன். அப்பாவின் கடிதங்கள் இருந்த இடத்தில் என் அலுவலகக் கணக்குகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பின்னாலிருக்கும் சந்துகளில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். “இ டிரைவில் இருந்தது போய்விட்டது” என்றேன். கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த இ, தாதா? உங்க வீட்ல இது இ. இங்க செருகினா ஹெச்சோ ஐயோ எது காலியோ அது.” வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து டிஸ்க்கின் முதுகில் ஒட்டினார். பால்பாயின்ட் பேனாவால் என் பெயரையும் தேதியையும், டிஸ்க்கிலேயே அச்சிட்டிருந்த வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் எழுதினார். இ என்ற எழுத்தை அவர் எங்கேயும் எழுதவில்லை.

அவருடைய கேள்வியில் இருந்த விஷயம் எனக்கு முழுசாகப் புரியக் கொஞ்ச நாளாயிற்று. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

இடமே பெயராக இருந்த காலம்

இந்தக் கதைக்குக் கொல்கத்தா பொருத்தமான ஊர். இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் இங்கேதான் வந்தது. பரானகரில், பி.டி. ரோட்டின் மேல், மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே 1956-ல் ஹெச்.ஈ.சி. 2எம் என்ற பிரிட்டிஷ் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதன் நினைவகம் சுழலும் உருளை ஒன்று. காந்தப் பூச்சுப் பூசிய அந்த உருளையில் 1,024 சொற்களுக்கு இடம். சொல் என்றால் இங்கே ஓர் எண்ணையோ ஒரு கட்டளையையோ வைக்கும் ஓர் அறை.

அந்த அறைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இத்தனையாவது அறையில் உள்ளதை எடு, இத்தனையாவது அறையில் போடு என்று நிரல் எழுதுபவரே எண் சொல்ல வேண்டும். எண்ணைச் சொன்னால் உருளையின் மேல் ஓரிடத்தைச் சொன்னதாகவே அர்த்தம். உருளை ஒன்றே ஒன்று, கழற்றி மாட்டும் வழக்கம் இல்லை, ஆகவே குழப்பத்துக்கு வழியும் இல்லை.

அதே 1956-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பதை ஒரு தண்டில் கோத்த அந்தப் பெரிய பெட்டியில் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். பின்னால் கழற்றி மாட்டும் தட்டுகள் வந்தன. ஒரே இயந்திரத்தில் இன்று ஒரு தட்டு, நாளை வேறொரு தட்டு. ‘டிஸ்க்’ என்று சொன்னால் அதை மாட்டும் பெட்டியா, மாட்டப்பட்ட தட்டா? இந்தச் சந்தேகம் அன்றைக்குப் பிறந்தது. இன்றைக்கும் நம் மேஜையில் இருக்கிறது.

ஏ-யும் பி-யும்

டிஸ்க்குகளை ஒற்றை எழுத்தால் கூப்பிடும் வழக்கம் 1960-களில் ஐ.பி.எம்.-இன் பெரிய இயந்திரங்களில் தொடங்கியது. கேரி கில்டால் 1974-ல் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளம் அதைச் சிறு கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து எழுதப்பட்ட நிரல் ஒன்று மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய் எம்எஸ்-டாஸ் ஆயிற்று. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பிசி வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை. ஃபிளாப்பி செருகும் வாய்கள்தான். முதல் வாய் ஏ, இரண்டாவது வாய் பி. 1983 மார்ச்சில் வந்த பிசி எக்ஸ்டி-யில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் உள்ளே இருந்தது. ஏ-யும் பி-யும் ஏற்கெனவே ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் அதற்குக் கிடைத்தது சி. ஃபிளாப்பி மறைந்துவிட்டது, சி நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்குக் கொல்கத்தாவில் நல்ல உதாரணம் உண்டு. 2001 ஜனவரி 1 முதல் ஊரின் பெயர் அதிகாரபூர்வமாகக் கொல்கத்தா. ஆனால் உயர் நீதிமன்றம் இன்றும் கல்கத்தா உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் கல்கத்தா பல்கலைக்கழகம், விமான டிக்கெட்டில் ஊரின் குறி சி.சி.யு. தீர்ப்புகளும் பட்டங்களும் முன்பதிவு முறைகளும் அந்தப் பெயரின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சி-யின் மேலும் அப்படித்தான் லட்சக்கணக்கான நிரல்கள் உட்கார்ந்திருக்கின்றன. எத்தனையோ நிரல்களின் வயிற்றுக்குள் சி என்ற எழுத்து நேராக எழுதப்பட்டிருக்கிறது. அதை ஏ என்று மாற்றினால் அத்தனையும் வழி தெரியாமல் நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றை வாய் கம்ப்யூட்டரின் கதை. செலவைக் குறைக்க ஒரே ஒரு ஃபிளாப்பி வாயுள்ள இயந்திரமும் விற்றார்கள். அதிலும் ஏ, பி இரண்டும் வேலை செய்தன! ஏ-யிலிருந்து பி-க்கு நகலெடு என்றால் கம்ப்யூட்டர் கொஞ்சம் படித்துவிட்டு நின்று, ‘பி டிரைவுக்கான ஃபிளாப்பியைச் செருகி ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்’ என்று கேட்கும். இருந்த வாயிலேயே ஃபிளாப்பியை மாற்ற வேண்டும். அங்கே ஏ, பி என்ற எழுத்துகள் எந்த வாயையும் குறிக்கவில்லை. ஃபிளாப்பி எந்த வேஷத்தில் வருகிறது என்பதைத்தான் குறித்தன: மூலமா, நகலா. டிரைவ் எழுத்து ஒரு பொருளின் பெயராகத் தோன்றினாலும் அது தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட நாற்காலி. இதை அந்தப் பழைய இயந்திரம் ஒளிக்காமல் காட்டிவிட்டது.

வங்காளிக்கு இரண்டு பெயர்

வங்காளிகளில் பெரும்பாலோருக்கு இரண்டு பெயர் உண்டு. டாக் நாம், பாலோ நாம் என்பார்கள். முன்னது வீட்டில் கூப்பிடும் பெயர், பின்னது பள்ளிப் பதிவேட்டுப் பெயர். தெருவில் நின்று “கோகா” என்று கூப்பிட்டால் நாலு வீட்டுப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாருக்கும் சேதமில்லை, ஏனென்றால் கூப்பிடுபவரின் முகத்தைப் பார்த்து யார் போக வேண்டும் என்று பையன்களுக்கே தெரியும். பாஸ்போர்ட்டில் கோகா என்று எழுதினால்தான் சிக்கல்.

வட்டுகளுக்கும் இரண்டு பெயர் இருக்கின்றன. இ, எஃப் என்பவை கூப்பிடும் பெயர்கள். பதிவேட்டுப் பெயர் வேறு. அது எங்கே எழுதியிருக்கிறது என்று என் டிஸ்க்கையே திறந்து பார்ப்போம்.

பாகப்பிரிவினைப் பத்திரம்

என் கடித டிஸ்க் 500 ஜி.பி. கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது நீளமான ஒரே தெரு, ஆளுக்கு 512 பைட் பிடிக்கும் கட்டங்களின் வரிசை. கட்டங்களுக்கு 0, 1, 2 என்று எண். அந்தப் பரானகர் உருளையின் பழக்கம் இங்கே அப்படியே உயிரோடிருக்கிறது.

இந்தத் தெருவை ஒரே சொத்தாகவும் வைத்துக்கொள்ளலாம், பாகம் பிரித்தும் கொள்ளலாம். பிரித்த ஒவ்வொரு பகுதியையும் ‘வால்யூம்’ என்கிறார்கள். இங்கே ‘பாகம்’ என்றே சொல்கிறேன். கொல்கத்தாவின் பழைய தெருக்களில் 5/1, 12ஏ, 14/1பி என்று வீட்டு எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மனை இரண்டாகப் பிரியும்போது எண் இப்படிக் கிளை விடுகிறது. வட்டில் பாகப்பிரிவினை நடந்த பத்திரம் 0-ஆவது கட்டத்தின் கடைசியில் இருக்கும். நாலு வரிதான், வரிக்கு 16 பைட். எந்தக் கட்டத்தில் தொடங்கி எத்தனை கட்டம் என்று அதில் எழுதியிருக்கும். என் டிஸ்க்கில் ஒரே பாகம். தொடக்கம் 2048-ஆவது கட்டம். கட்டத்துக்கு 512 பைட் என்றால் டிஸ்க்கின் முகப்பிலிருந்து 10,48,576 பைட் தள்ளி.

பத்திரத்துக்குச் சற்று முன்னால், அதே கட்டத்தில் 440-ஆவது பைட்டிலிருந்து, நாலே நாலு பைட்டில் ஓர் எண். புது வட்டை முதன்முதலில் தயார் செய்தபோது விண்டோஸ் எழுதிவைத்தது. இதை வட்டின் ‘கையெழுத்து எண்’ என்போம். நாலு பைட்டில் 429 கோடிக்கு மேற்பட்ட எண்கள் சாத்தியம் என்பதால் இரண்டு வட்டுக்கு ஒரே கையெழுத்து தற்செயலாக அமைவது அபூர்வம்.

இனி விண்டோஸ் செய்வதைக் கவனியுங்கள். அதனிடம் ஓர் ஏடு இருக்கிறது. அந்த ஏட்டில் இ என்ற எழுத்துக்கு எதிரே பன்னிரண்டு பைட் எழுதியிருக்கும்: நாலு பைட் கையெழுத்து எண், எட்டு பைட் பாகத்தின் தொடக்கம். இந்தக் கையெழுத்துள்ள வட்டில் 10,48,576-ஆவது பைட்டில் தொடங்கும் பாகத்துக்கு இ என்று பேர் என்பது அதன் பொருள். வட்டைச் செருகியதும் விண்டோஸ் கையெழுத்தைப் படிக்கும், ஏட்டைப் புரட்டும். வரி இருந்து எழுத்தும் காலியாக இருந்தால் பழைய எழுத்தையே கொடுக்கும். வரி இல்லையென்றால் வரிசையில் காலியாக இருக்கும் முதல் எழுத்தைக் கொடுத்து, ஏட்டில் எழுதிக்கொள்ளும்.

அந்த ராத்திரியை இப்போது திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். நகல் டிஸ்க் நண்பர் வீட்டில். சி-யும் டி-யும் லேப்டாப்பின் உள்ளேயே இருந்த பாகங்கள். கடித டிஸ்க் அந்த ஏட்டுக்குப் புதியது. அதற்கு வரியே இல்லை. காலியான முதல் எழுத்து எது? நகல் டிஸ்க் வெளியே போயிருந்ததால், இ. விண்டோஸ் இ-க்கு எதிரே இருந்த பழைய பன்னிரண்டு பைட்டை அழித்துப் புதிய பன்னிரண்டு பைட்டை எழுதியது. அதன் விதிப்படி அது செய்தது சரி. ஒன்பது மணிக்கு நகல் நிரல் ‘இ எங்கே’ என்று கேட்டது, ‘இதோ’ என்று பதில் கிடைத்தது. அதுவும் சரி. நான் சொல்ல நினைத்தது ‘அந்த டிஸ்க்’. சொன்னது ‘அந்த நாற்காலியில் இருப்பவர்’.

நிரலுக்கு எழுத்தைக் கொடுக்காமல் இருக்கவும் வழி உண்டு. விண்டோஸ் 2000 முதல் ஒவ்வொரு பாகத்துக்கும் 32 இலக்கமுள்ள நீளப் பெயர் ஒன்றும் இருக்கிறது; கட்டளைத் திரையில் ‘மவுன்ட்வால்’ என்று தட்டினால் பட்டியல் வரும். நாற்காலி மாறினாலும் இந்தப் பெயர் மாறாது. ஒரு நுணுக்கம்: என் டிஸ்க்கைப் போன்ற பழைய முறை வட்டுகளில் இந்த நீளப் பெயரும் கம்ப்யூட்டரின் ஏட்டில்தான் இருக்கிறது. வட்டோடு ஊர் ஊராகப் போவது கையெழுத்து எண் மட்டுமே. ஜி.பி.டி. என்ற புதிய முறைப்படி பிரித்த வட்டுகளில் ஒவ்வொரு பாகத்தின் நீளப் பெயரும் வட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஹாரிங்டன் தெருவும் ஹோ சி மின் சரணியும்

லினக்ஸில் எழுத்துகளே கிடையாது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இருக்கின்றன, வேறு உடையில். கண்டுபிடிக்கப்பட்ட முதல் வட்டு எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. எஸ்டிஏ-வின் இரண்டாவது பாகம் எஸ்டிஏ2. மின்சாரம் போய்த் திரும்ப வந்து கம்ப்யூட்டர் எழும்போது வட்டுகள் விழித்துக்கொள்ளும் வரிசை மாறினால், நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிஏ ஆகலாம். பெயரை நம்பிக் கட்டளை எழுதியவர் கதி என் கதிதான்.

ஆனால் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் ஒரு நல்ல காரியம் செய்தன. நாம் அன்றாடம் புழங்கும் பெயரையும் வட்டின் பெயரையும் பிரித்துவிட்டன. அங்கே எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் இருக்கும். ஒரு கோப்புறையைத் தேர்ந்து, ‘இந்தப் பாகத்தை இந்தக் கிளையில் பொருத்து’ என்று சொன்னால் போதும். ‘கடிதங்கள்’ என்ற கோப்புறைக்குள் நுழைபவருக்கு அது எந்த வட்டில் இருக்கிறது என்றே தெரிய வேண்டாம். எதை எங்கே பொருத்துவது என்று எஃப்எஸ்டேப் என்ற சிறு கோப்பில் வரிவரியாக எழுதி வைப்பார்கள். முன்பெல்லாம் அதில் எஸ்டிபி1 என்று எழுதுவார்கள். இப்போது பாகத்துக்குள்ளேயே பொறித்த யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை எழுதுகிறார்கள். சாத்தியமான எண்களின் எண்ணிக்கையே 39 இலக்கம் நீளம் என்பதால் அங்கே மோதலுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

கொல்கத்தாவில் இந்தப் பிரிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். சௌரங்கிக்குப் பின்னால் ஹாரிங்டன் தெரு இருந்தது. வியட்நாம் போர் நடந்த காலத்தில் அதற்கு ஹோ சி மின் சரணி என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. இன்றும் அதன் முகவரி 5/1, ஹோ சி மின் சரணி. பக்கத்திலேயே தியேட்டர் ரோடு, ஷேக்ஸ்பியர் சரணி ஆயிற்று. பலகையில் ஷேக்ஸ்பியர் இருந்தாலும் டாக்சிக்காரரிடம் தியேட்டர் ரோடு என்று சொன்னாலும் போய்ச் சேரலாம். மனை அங்கேயே இருக்கிறது, அதைச் சுட்டும் வழிகள் பல. லினக்ஸும் அப்படித்தான் ஒரே பாகத்துக்கு நாலைந்து பெயர்ப்பலகை வைத்திருக்கிறது: அடையாள எண் வழியே ஒன்று, நாம் சூட்டிய பெயர் வழியே ஒன்று, எந்தத் துளையில் செருகியது என்பதன் வழியே ஒன்று, தயாரிப்பாளரின் வரிசை எண் வழியே ஒன்று. எல்லாம் ஒரே வீட்டு வாசலுக்குப் போகும். எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பிரதி எடுத்தால்

கையெழுத்து எண்ணும் கைவிடும் சமயம் ஒன்று உண்டு. சாந்தினியில் தினமும் நடக்கும் வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கட்டம் கட்டமாக எஸ்.எஸ்.டி.-க்கு நகலெடுப்பது. 0-ஆவது கட்டமும் அப்படியே போவதால் கையெழுத்தும் கூடவே போகிறது. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒரே பாஸ்போர்ட்டோடு இரண்டு பேர் வந்து நிற்பது போல. விண்டோஸ் இரண்டாவதைத் திறக்காமல், ‘கையெழுத்து மோதல்’ என்று சொல்லி ஓரமாக நிறுத்திவைக்கும். ‘ஆன்லைன்’ ஆக்கு என்று நாம் அழுத்தினால் இரண்டாவதற்குப் புதுக் கையெழுத்து எழுதித் தரும். புது டிஸ்க் செத்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடி வருபவர்களில் சிலருக்கு நடந்தது இவ்வளவுதான்.

வெள்ளை டேப்

என் டிஸ்க் நான்காம் நாள் திரும்பக் கிடைத்தது. கோப்புகளை அழிக்கும்போது கம்ப்யூட்டர் பெரும்பாலும் பட்டியலிலிருந்துதான் பெயரை நீக்குகிறது. மேலே வேறு எதுவும் எழுதப்படாத கட்டங்களில் பழைய சரக்கு அப்படியே இருக்கும். விளக்கு மினுக்கியதைப் பார்த்ததும் வயரைப் பிடுங்கியது உதவியது. புகைப்படங்கள் எல்லாம் வந்தன. கடிதங்களில் பதினொன்று வரவில்லை. அவற்றின் மூலத்தாள்கள் அதற்கு முன்பே செல்லரித்துப் போயிருந்தன.

அன்றைக்கே இரண்டு காரியம் செய்தேன். நகல் டிஸ்க்குக்கு வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து ஓர் எழுத்தைக் கொடுத்தேன்: டபிள்யூ. விண்டோஸ் காலியிடம் தேடுவது முன்னாலிருந்து என்பதால், வேறு எதையாவது செருகினாலும் அது டபிள்யூ வரை வந்து சேர மாட்டாது. அப்புறம் நகல் நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். பாகத்தின் பெயரைப் படித்துப் பார், ‘நகல்’ என்று இருந்தால் மட்டும் மேலே போ, இல்லையென்றால் எதையும் தொடாமல் நில். பாகத்துக்குப் பெயர் சூட்ட 32 எழுத்து வரை இடம் இருக்கிறது. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் முறையில் 11. அத்தனை வருடம் அந்த இடத்தை நான் காலியாகவே விட்டு வைத்திருந்தேன்.

கடித டிஸ்க்குக்கு ‘அப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் எழுத்து மாறுகிறது, அந்தப் பெயர் கூடவே வருகிறது. அதன் முதுகில் சாந்தினிக்காரர் ஒட்டிய வெள்ளை டேப் ஓரம் மடங்கிக் கிடக்கிறது. மை மங்கிவிட்டது, நான்கு இலக்கங்களையும் இன்னும் படிக்க முடிகிறது.